இறால், பாசி, வத்தல்: ரசாயன வரம்பை வகுக்கும் இடத்தில் நம் கரைக்காக யார் பேசுகிறார்கள்?

குளத்துமேடு எழுதியது:

எங்கள் இறால் குளங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில் இருக்கின்றன. குளத்தை அப்பா பார்க்கிறார், கணக்கும் காகிதமும் என் பொறுப்பு. நடந்தது எங்களுக்கு மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். இந்தக் கரையில் பலருக்கும் இதே கதைதான்.

போன பிடிப்பின்போது வாங்க வந்த ஏஜென்ட், "உங்க சாம்பிள் பாசிட்டிவ்" என்று சொல்லி கிலோ விலையை அடியோடு குறைத்துவிட்டார். எந்த மருந்து, எவ்வளவு, எந்த லேப் என்று கேட்டேன். "ஆன்டிபயாடிக்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பதில் இல்லை. ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. குளத்தை வடித்து இறாலை ஐஸில் போட்ட பிறகு நாங்கள் எங்கே போவது? கொடுத்துவிட்டோம்.

நாங்கள் ஆன்டிபயாடிக் போடவில்லை. போட்டதெல்லாம் தீவனம், சுண்ணாம்பு, பிராபயாடிக் என்கிற நல்ல நுண்ணுயிரிக் கலவை, கடைக்காரர் கொடுத்த ஒரு மினரல் பவுடர். இவ்வளவுதான்.

என் கேள்வி இதுதான். இந்த வரம்புகளை யார் வகுக்கிறார்கள்? நம் அரசும் ஏற்றுமதி கம்பெனிகளும் வெளிநாட்டோடு பேசி முடிவெடுக்கிறார்கள் என்றால், அந்தப் பேச்சில் குளத்துக்காரர்களுக்கு இடம் உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

கரைவலை_தொண்டி எழுதியது:

இதெல்லாம் வாங்குகிற நாட்டுக்காரன் விலையை அடிக்கக் கண்டுபிடித்த வழி, தங்கச்சி. வரி போட்டால் ஊரே கேட்கும், ஆய்வு என்று சொன்னால் யாரும் கேட்க முடியாது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் பண்ணை இறாலுக்கு மட்டும் சோதனை அளவை ஏற்றியது. அதற்கு முன்பு நூறு சரக்குக்குப் பத்தில் சாம்பிள் எடுத்தார்கள், அப்புறம் ஐம்பதில். நம் இறால் ஒரே வருடத்தில் ஐந்து மடங்கு கெட்டுப்போய்விட்டதா?

அமெரிக்கா 2025 ஆகஸ்டில் வரியை 50 சதவீதமாக்கியதும் எல்லோரும் ஐரோப்பா பக்கம் திரும்பச் சொன்னார்கள். அங்கே போனால் கதவில் சாம்பிள் குச்சியோடு நிற்கிறார்கள். உங்களுக்குக் குறைத்த விலை கடைசியில் அந்தக் கதவுக்குப் போகிற செலவுதான்.

---

லேப்மேசை எழுதியது:

கரைவலை அண்ணே, கோபம் புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட்டால் இந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. உணவில் மிஞ்சியிருக்கும் மருந்தைத் தேடும் எச்சப் பரிசோதனை என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

குளோராம்பெனிகால் என்ற மருந்துக்கு ஏன் துளியும் இடமில்லை என்கிறார்கள்? அது மனிதர்களில் சிலருக்கு எலும்பு மஜ்ஜையை முடக்கி, ரத்தம் உற்பத்தியாவதையே நிறுத்திவிடும். அபூர்வமாக நடப்பது, ஆனால் மருந்தின் அளவோடு சம்பந்தமில்லாமல் நடக்கும். "இவ்வளவு வரை பாதுகாப்பு" என்று கோடு போட முடியாத மருந்து அது. நைட்ரோபியூரான் வகை மருந்துகளுக்குக் காரணம் வேறு. மருந்து சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். அதன் சிதைவுப் பொருள் சதையோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும், வேகவைத்தாலும் போகாது. புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற சந்தேகம் இருப்பதால் அதற்கும் இடமில்லை. இதில் வியாபாரம் இல்லை.

அளவைப் பாருங்கள். ஐரோப்பாவில் குளோராம்பெனிகாலுக்கு இப்போது நடவடிக்கை தொடங்கும் அளவு ஒரு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். 20 டன் கன்டெய்னர் முழுக்கக் கூட்டினாலும் 3 மில்லிகிராம். நைட்ரோபியூரான் சிதைவுப் பொருள்களுக்கு 0.5 மைக்ரோகிராம். இவ்வளவு நுட்பமாகத் தேடும்போது எந்தச் சோதனையில் தேடினார்கள் என்பதே முக்கியமாகிவிடுகிறது.

முதலில் செய்வது எலைசா. அது வடிகட்டும் சோதனை மட்டுமே. அதில் சந்தேகம் வந்தால் எல்.சி.எம்.எஸ்.எம்.எஸ் கருவியில் உறுதி செய்ய வேண்டும். எலைசாவில் சந்தேகம் வந்ததை வைத்துக்கொண்டே "பாசிட்டிவ்" என்று விலை பேசினால் அது சோதனையின் பிழை இல்லை, பேசியவரின் பிழை.

இன்னொன்றும் உண்டு. நைட்ரோபியூரான் வகையைச் சேர்ந்த நைட்ரோபியூராசோன் போட்டதற்கு அடையாளமாகத் தேடும் செமிகார்பசைடு, இறால், நண்டு வகைகளின் ஓட்டில் இயற்கையாகவே இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓட்டோடு அரைத்துச் சோதித்தால் மருந்தே காணாத இறாலிலும் அது தென்படும். ஓட்டை உரித்து, உள்சதையை மட்டும் எடுக்க வேண்டும். உங்கள் சாம்பிளை எப்படி எடுத்தார்கள்?

---

குளத்துமேடு எழுதியது:

எப்படி எடுத்தார்கள் என்பதே தெரியாது. இரண்டு கைப்பிடி இறாலைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். எங்களிடம் ஒரு பங்கு வைக்கவில்லை. வைக்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

---

தூத்துக்குடி_க்யூசி எழுதியது:

நான் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். கம்பெனிகளின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், அவர்கள் செய்யாததையும் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவுக்குப் போகும் பண்ணை இறாலுக்குப் பிடிப்புக்கு முந்தைய சோதனைச் சான்று வேண்டும். கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் லேப்களில் அது செய்யப்படுகிறது. அதாவது எம்பெடா, 1972 சட்டப்படி கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது. பண்ணை அங்கே பதிவாகியிருக்க வேண்டும். ஆலைக்கு ஒப்புதல் தருவதும் சரக்குக்குச் சுகாதாரச் சான்று தருவதும் ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சிலின் வேலை. குளத்துக்கு அனுமதி தருவது சென்னையில் இருக்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம். குளம் ஒருவர், சோதனை ஒருவர், சான்று ஒருவர். கம்பெனிக்காரர்களுக்கு மூன்று வாசலும் பழக்கம், பண்ணைக்காரர்களுக்கு ஒன்றுமே பழக்கமில்லை.

துறைமுகத்தில் சாம்பிளுக்காகக் கன்டெய்னர் நின்றால் மின்சாரம், இடவாடகை, சோதனைக் கட்டணம் எல்லாம் சரக்குக்காரர் தலையில். தவறினால் திருப்பி எடுக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும். அந்த ஆலையின் பெயர் ஐரோப்பாவின் விரைவு எச்சரிக்கைப் பட்டியலில் ஏறிவிடும். அந்தப் பயத்தில் ஆலை ஏஜென்டை நெருக்குகிறது, ஏஜென்ட் குளத்துக்காரரை நெருக்குகிறார். பயம் நியாயமானது. அறிக்கை தராமல் விலையைக் குறைப்பது நியாயமில்லை. தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

அரசும் கம்பெனிகளும் வெளிநாட்டோடு பேசுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2012இல் ஜப்பான் நம் இறாலில் எதாக்சிக்வின் என்ற பொருளைத் தேட ஆரம்பித்தது. அது இறாலுக்குப் போடும் மருந்தே இல்லை. மீன்தூளில் உள்ள எண்ணெய் காறிப்போகாமலும், கப்பலில் சூடேறித் தீப்பிடிக்காமலும் இருக்கச் சேர்ப்பது. மீன்தூளிலிருந்து தீவனத்துக்கு, தீவனத்திலிருந்து இறாலுக்கு வந்துவிட்டது. குளத்துக்காரர் யாருக்கும் அந்தப் பெயர்கூடத் தெரியாது. ஜப்பானில் அதற்கென்று தனி வரம்பு இல்லாததால், 2006இல் அவர்கள் கொண்டுவந்த முறைப்படி எல்லாவற்றுக்கும் பொதுவான 0.01 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்பு பொருந்தியது. நம் கன்டெய்னர்கள் நின்றன.

அப்புறம் இரண்டு வேலை நடந்தது. இங்கே தீவன ஆலைகள் அந்தப் பொருளைக் கைவிடும் பக்கம் திரும்பின. அங்கே உலக வர்த்தக அமைப்பின் குழுவில் இந்தியா, இந்த வரம்புக்கு அறிவியல் ஆதாரம் என்ன என்று கேட்டது. 2014 தொடக்கத்தில் ஜப்பான் வரம்பை 0.2 பிபிஎம் ஆக்கியது. இருபது மடங்கு தளர்வு. ஆதாரத்தோடு கேட்டால் அசைகிறார்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

---

பாக்விரிகுடா எழுதியது:

எல்லோரும் வெளிநாட்டுக்காரன் தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் விசைப்படகுக்காரன் இல்லை, நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவன். கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

குளத்துத் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்? எங்கள் நண்டும் சிங்கியும் குஞ்சு விடுகிற தாழ்ந்த கடலில்தான். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது இந்த மாதிரிக் கரைகளின் துயரத்தால்தான். அப்புறம் 2005இல் தனிச் சட்டம் வந்தது, ஆணையம் வந்தது. 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேண்டும் என்றார்கள். சரி, இரண்டு ஏக்கர் குளங்கள் வரிசையாக இருந்தால்? ஒவ்வொன்றும் சின்னது, சேர்ந்தால் பெரியது. இறாலின் சதையில் 0.15 மைக்ரோகிராம் தேடுகிறார்கள். அந்த இறால் வளர்ந்த தண்ணீர் வாய்க்காலில் வரும்போது யார் தேடுகிறார்கள்?

இன்னொன்று. அங்கே ஆகாது என்று தள்ளிய இறால் எங்கே போகிறது? ராமநாதபுரம் சந்தையிலும் மதுரையிலும் நம் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எலும்பு மஜ்ஜை ஐரோப்பியனுக்கு மட்டும் இருக்கிறதா?

---

தூத்துக்குடி_க்யூசி எழுதியது:

அண்ணே, கடைசிக் கேள்விக்கு என்னால் வாதாட முடியாது. ஏற்றுமதி இறாலுக்கு இந்த மருந்துகள் இருபது வருடத்துக்கும் மேலாகத் தடை. ஆனால் குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டையும் உணவுக்காக வளர்க்கும் எந்த விலங்குக்கும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது 2025 மார்ச்சில்தான். அதற்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது. நம் ஊர்ச் சந்தைக்கும் அதே கண்டிப்பு இருந்திருந்தால் மருந்து கடையிலேயே கிடைத்திருக்காது, ஏற்றுமதிச் சிக்கலும் பாதியாகியிருக்கும்.

---

பாசித்தெப்பம் எழுதியது:

இறால்காரர்கள் பேசட்டும் என்று இருந்தேன். ஆனால் குளத்துமேடு எழுதியதில் "துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை" என்ற வரியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பாம்பன் பக்கம். மூங்கில் தெப்பத்தில் கடல்பாசி வளர்க்கிறோம், எங்கள் அம்மா காலத்தில் தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்தார்கள்.

தெப்பத்தில் கட்டுவது கப்பாபைகஸ். ஒரு சுற்றுக்கு நாற்பத்தைந்து நாள். அதைக் காயவைத்துக் கொடுத்தால் கராஜீனன் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம், சாக்லேட் பால், பற்பசை எல்லாவற்றிலும் கெட்டிப்படுத்தச் சேர்ப்பது. ஐரோப்பாவில் அதற்கு இ407 என்று எண். பாசியைக் காரக் கரைசலில் பக்குவப்படுத்தி, முழுதாகப் பிரிக்காமல் விற்றால் இ407ஏ. எண் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பக்கம் பக்கமாக நிபந்தனை இருக்கிறது: ஆர்சனிக், ஈயம், காட்மியம் எவ்வளவு இருக்கலாம், உடைந்துபோன சிறு மூலக்கூறு எத்தனை சதவீதம் வரை என்று. அந்தக் காகிதம் ஆலையில் இருக்கும். எங்களிடம் வந்து சேர்வது "மண் அதிகம், ஈரம் அதிகம், உப்பு அதிகம்" என்ற மூன்று வார்த்தைதான். அதற்கும் அளவு சொல்ல மாட்டார்கள். தராசில் ஏற்றிவிட்டு இத்தனை கிலோ கழிவு என்பார்கள்.

வளமாவூரில் நூற்று இருபத்தேழு கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா என்று 2023இல் அடிக்கல் போட்டார்கள். வரட்டும், நல்லது. அங்கே லேப் வரும் என்கிறார்கள். அந்த லேப் கம்பெனி சாம்பிளை மட்டும் பார்க்குமா, நான் ஒரு பை பாசியைக் கொண்டுபோனாலும் பார்க்குமா? இதை எழுதி வாங்க வேண்டிய நேரம் இப்போதுதான். கட்டிடம் எழும்பின பிறகு கேட்டால் விதி அப்படி இல்லை என்பார்கள்.

பாசிச்சாற்றைப் பயிருக்கு ஊக்கியாக விற்பதும் இப்போது உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது, 2021இலிருந்து. பதிவு, நச்சுச் சோதனை, களச் சோதனை என்று பெரிய செலவு. பெண்கள் குழுவாகச் சேர்ந்து சாறு எடுத்து விற்கலாம் என்று நினைத்திருந்தோம். பெரிய கம்பெனியால் மட்டும் தாங்க முடிகிற செலவு அது. விதி வேண்டாம் என்று சொல்லவில்லை, பயிரில் தெளிப்பது யாருக்கும் கெடுதல் செய்யக் கூடாது. ஆனால் விதியை எழுதும்போது அந்த அறையில் பெரிய கம்பெனிகளின் ஆட்கள் மட்டும் இருந்தால், செலவு அவர்கள் தாங்கும் அளவில்தான் அமையும்.

---

வத்தல்மூட்டை எழுதியது:

எங்களுக்கும் இதே பாடு. ராமநாதபுரம் முண்டு மிளகாய் வத்தலுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி மானாவாரிக் காட்டில் விளைவதற்கு அப்படி ஒரு பெயர் கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் வத்தல் வெளிநாடு போக வேண்டுமானால் பூச்சிமருந்து எச்சம், பூஞ்சை நச்சு, அப்புறம் எத்திலீன் ஆக்சைடு. கடைசியாகச் சொன்னதை எந்தச் சம்சாரியும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். கிருமி போக மசாலாவுக்கு ஆலையில் காட்டும் வாயு அது. 2020 செப்டம்பரில் பெல்ஜியத்தில் இந்திய எள்ளில் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து ஐரோப்பா முழுக்கப் பொருள்களைத் திரும்ப எடுத்தார்கள். 2024 ஏப்ரலில் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் மசாலாப் பொடிகளை நிறுத்தின. அதன் பிறகுதான் அந்த இரண்டு இடத்துக்கும் போகும் சரக்குக்கு மசாலா வாரியம் கட்டாயச் சோதனை கொண்டுவந்தது.

இதில் கரைவலை அண்ணன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மசாலாவில் ஐரோப்பாவின் வரம்பு 0.1 பிபிஎம், அமெரிக்காவில் 7 பிபிஎம் வரை அனுமதி. ஒரே வாயு, ஒரே மனித உடம்பு, எழுபது மடங்கு வித்தியாசம். அமெரிக்காவுக்குப் போக வேண்டிய வத்தல் கிருமி இல்லாமல் இருக்க வாயு காட்டுகிறார்கள். அதே மூட்டை ஐரோப்பாவுக்குத் திரும்பினால் நிற்கிறது. நீராவியில் கிருமி நீக்கினால் இரண்டு பக்கமும் செல்லும். ஆனால் அந்தக் கருவி விலை அதிகம், நிறமும் காரமும் கெடாமல் செய்யத் தெரிந்த ஆலை வேண்டும். அரசு பணம் போட வேண்டிய இடம் இதுதான். விளைச்சல் பக்கத்தில் ஒரு பொது நீராவி ஆலை இருந்தால் போதும். விழிப்புணர்வுக் கூட்டம் போட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்புவதில் எச்சம் குறையாது.

---

கரைவலை_தொண்டி எழுதியது:

எழுபது மடங்கு என்று நீங்கள் சொன்ன பிறகும் இதில் அறிவியல் மட்டும் இருக்கிறது என்று நம்பச் சொல்கிறீர்களா? ஆனால் பாக்விரிகுடா கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. நம் சந்தைக்கு என்று ஒரு கண்டிப்பு இருந்தால்தான் அவர்களோடு நிமிர்ந்து பேச முடியும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

---

அரசிதழ்_வாசகன் எழுதியது:

குளத்துமேடு முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் நேராக யாரும் பதில் சொல்லவில்லை. வரம்பை யார் வகுக்கிறார்கள், நமக்கு இடம் உண்டா?

1995இல் உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்தே வந்த உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு, விலங்கு மற்றும் பயிர் நலம் பற்றிய விதிகளுக்கானது. ஒரு நாடு உலகப் பொது வரம்பைவிடக் கடுமையாக வைக்கலாம், ஆனால் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். விதியை வரைவாக இருக்கும்போதே மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும், கருத்துச் சொல்லச் சாதாரணமாக 60 நாள் தர வேண்டும். அந்த அறிவிப்பு டில்லிக்கு வரும். அங்கிருந்து ஆணையங்களுக்கும் ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கும் போகும். அதற்கு அப்பால் போவதில்லை.

இதற்கு ஓர் உதாரணம். லேப்மேசை சொன்ன 0.15, 0.5 அளவுகளைப் பாருங்கள். அதற்கு முன்பு 0.3, 1 என்று இருந்தன. பாதியாக்கிய விதியை ஐரோப்பா வெளியிட்டது 2019 நவம்பரில். அமலுக்கு வந்தது 2022 நவம்பர் 28. மூன்று வருட அவகாசம்! அந்த மூன்று வருடத்தில் திருப்பாலைக்குடியில் ஒரு குளத்துக்காரரிடமாவது யாராவது வந்து, "இனிமேல் பாதி அளவுதான், உங்கள் மினரல் பவுடரைச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னார்களா? அவகாசம் கொடுத்தது ஐரோப்பா, அதைச் சாப்பிட்டது நடுவில் இருப்பவர்கள். எனக்கு இதில்தான் அதிகக் கோபம்.

அடுத்ததும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போட்ட விலங்குப் பொருளோ, மனிதர்களுக்கென்று ஒதுக்கிய ஆன்டிபயாடிக் போட்டதோ ஐரோப்பாவுக்குள் வரக் கூடாது என்ற நிபந்தனை 2026 செப்டம்பர் 3 முதல் வெளிநாட்டுச் சரக்குக்கும் பொருந்தும். ஏற்றுமதிச் சான்றிலேயே அதற்கு உறுதி தர வேண்டும். எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காது, வளர்க்கும்போது போட்டீர்களா என்பதே கேள்வி. அதற்குக் குளத்துப் பதிவேடுதான் சாட்சி. பதிவேடு எழுத வேண்டியது யார்? நீங்கள்தான். உங்களுக்கு யார் சொன்னார்கள்?

---

பண்ணைமருந்து_ஆர்எஸ்மங்கலம் எழுதியது:

கடைக்காரர் கொடுத்த மினரல் பவுடர் என்று எழுதியிருந்தீர்கள் தங்கச்சி. நான் பண்ணைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கொடுத்தது நான் இல்லை, ஆனாலும் எங்கள் தரப்பைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்தே கிடையாது. இ.எச்.பி என்ற நுண்ணுயிரி வந்தால் இறால் சாகாது, வளராது. தீவனம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் குளத்துக்காரர் கடைக்கு வந்து "ஏதாவது கொடு" என்கிறார். அந்த "ஏதாவது" என்ற இடத்தில்தான் எல்லாத் தவறும் நுழைகிறது. பையில் என்ன இருக்கிறது என்று முழுதாக எழுதாத சரக்கைக் கொண்டுவருகிற விற்பனைப் பையன்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். "குடல் பலம்", "வேகமான வளர்ச்சி" என்று மேலே போட்டிருக்கும். கடனுக்குத் தருவார்கள், கமிஷன் அதிகம்.

ஆன்டிபயாடிக் கலக்காத பண்ணைப் பொருளுக்கு கடலோர ஆணையம் பதிவுச் சான்று கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத பொருளை நான் வாங்குவதில்லை. அதனால் எனக்கு வியாபாரம் குறைவுதான், பரவாயில்லை. ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக வந்து பார்க்கிற அதிகாரியை நான் விரும்புகிறேன். அப்போதுதான் நேர்மையாக விற்பவன் பிழைப்பான். சோதனையைக் கன்டெய்னரில் வைப்பதைவிடக் கடை அலமாரியில் வைத்தால் செலவு எவ்வளவு மிச்சம்!

குளத்துக்காரர்களும் ஒன்று செய்யுங்கள். பையின் படமும் தொகுதி எண்ணும் இல்லாமல் எதையும் குளத்தில் கொட்டாதீர்கள். பில் கேளுங்கள். பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

---

குளத்துமேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஜப்பான் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அந்த மினரல் பவுடர் பையில் பாதி இன்னும் மோட்டார் அறையில் இருக்கிறது. தொகுதி எண் அழிந்திருக்கிறது, உற்பத்தி தேதி மட்டும் தெரிகிறது. கடலோர ஆணையத்தின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினேன், இல்லை. இதனால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன், சோதித்த பிறகு பேசுவேன்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்று பக்கத்துக் குளத்துக்காரர்களோடு பேசியிருக்கிறோம். இப்போதைக்கு எழுதியிருப்பது இதுதான். சாம்பிள் எடுத்தால் மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு முத்திரையோடு பண்ணையில் இருக்க வேண்டும். எச்சம் என்று சொல்லி விலை குறைத்தால் லேப் பெயரும் அளவும் போட்ட அறிக்கை தர வேண்டும், எலைசாவை மட்டும் வைத்து விலை குறைக்கக் கூடாது. வெளிநாட்டு வரைவு விதி வந்தால் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், 60 நாள் முடிவதற்குள். பாக்விரிகுடா அண்ணன் சொன்னதையும் சேர்த்திருக்கிறேன்: சின்னக் குளங்கள் சேர்ந்து ஒரே வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அந்த வாய்க்காலுக்குப் பொதுச் சுத்திகரிப்புக் குட்டை. எங்களுக்கும் செலவுதான். ஆனால் அதைச் சேர்க்காமல் அவர் முன்னால் நின்று மனு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

---

பாக்விரிகுடா எழுதியது:

சேர்த்தது நல்லது தாயி. எங்கள் ஊர்ச் சங்கத்துக் கையெழுத்தும் வாங்கித் தருகிறேன்.

---

பாசித்தெப்பம் எழுதியது:

அறிக்கை தர வேண்டும் என்ற வரியில் "இறால்" என்பதை "கடல்பொருள்" என்று மாற்றுங்கள் அக்கா. பாசியும் உள்ளே வந்துவிடும். ஈரப்பதம், மண் கழிவு எவ்வளவு என்று தராசுச் சீட்டில் எழுதித் தரட்டும். பூங்கா லேப் வளர்ப்பவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் தனி மனுவாகக் கொடுக்கிறோம், எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறைய பேர் வருவார்கள்.

---

லேப்மேசை எழுதியது:

பவுடரை அனுப்பும்போது பையோடு அனுப்பாதீர்கள், மேலே இருப்பதை மட்டும் அள்ளவும் செய்யாதீர்கள். பையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் சுத்தமான கரண்டியால் எடுத்துக் கலந்து, மூன்று புதிய உறையில் போட்டு ஒட்டுங்கள். ஒட்டின இடத்தின் மேலே இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும். ஒன்றை லேப்புக்கு அனுப்புங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று பக்கத்துக் குளத்துக்காரரிடம். தேசிய அங்கீகாரம் பெற்ற லேப் என்று பார்த்து அனுப்புங்கள், குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் இரண்டையும் எல்.சி.எம்.எஸ்.எம்.எஸ் முறையில் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கையுறை போட்டு எடுங்கள். கண் சொட்டு மருந்திலும் புண் களிம்பிலும் குளோராம்பெனிகால் உண்டு, வீட்டில் யாராவது அதைப் பயன்படுத்தினால் அந்தக் கை உறையைத் தொடக் கூடாது.

---

தூத்துக்குடி_க்யூசி எழுதியது:

மனுவில் மூன்று பங்குச் சாம்பிள் என்ற வரியை அப்படியே வைத்திருங்கள். எங்கள் மேலாளரிடம் நேற்றே பேசினேன். அறிக்கை நகல் தருவதில் தனக்கு மறுப்பு இல்லை, மற்ற கம்பெனிகளும் தந்தால் என்றார். ஒரே ஒரு கம்பெனி மட்டும் தர ஆரம்பித்தால் ஏஜென்ட் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார் என்பது அவர் கவலை. அதனால் இதை ஏற்றுமதியாளர் சங்கத்தின் வழியாக எல்லோருக்கும் பொதுவாகக் கேளுங்கள், மனுவின் நகல் ஒன்றை எம்பெடாவுக்கும் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் ஒரு பிரதி வேண்டியிருக்கும். அதை நான் எழுதித் தருகிறேன்.

---

குளத்துமேடு எழுதியது:

"கடல்பொருள்" என்று மாற்றிவிட்டேன். ஆங்கிலப் பிரதிக்கு நன்றி அண்ணே, தமிழ் மனுவை இன்று சாயங்காலம் அனுப்புகிறேன். பவுடர் உறைகளை ஒட்டியாயிற்று. லேப் அறிக்கை வந்ததும், எப்படி வந்தாலும், இதே இழையில் போடுகிறேன்.